பிரட்டுக்களத்தில் நிற்கும் கலம்: தண்டுக்கலத்தையும் புற்றுநோயையும் உயர்தர வகுப்பில் படிப்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் தடவை இந்தப் பாடத்தை நான் படம் காட்டித் தொடங்கினேன். முற்றிய வாய்ப்புற்றின் படம். புரொஜெக்டர் கிடைத்த சந்தோஷத்தில் சுவர் முழுக்கப் பெரிதாக்கியும் காட்டினேன். மூன்றாவது வாங்கில் இருந்த பிள்ளை மேசையில் தலையைக் கவிழ்த்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து வெளியே போய்விட்டாள். அவளுடைய அம்மாயி அதே நோயோடு வார்ட்டில் இருந்தது எனக்குத் தெரியாது. வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு யாருக்கும் எதுவும் மண்டையில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு வரிசையை மாற்றிக்கொண்டேன். நோயில் தொடங்குவதில்லை. உடம்பில் எந்தக் கலத்துக்குப் பிரிய அனுமதி உண்டு, அது எப்போது நிறுத்த வேண்டும் என்ற கேள்வியில் தொடங்குகிறேன். முதலில் தண்டுக்கலம், அப்புறம் புற்றுநோய். இப்படிப் போனால் இரண்டும் தனித்தனிப் பாடமாக நிற்காது. ஒன்றை விளங்கிய பிள்ளைக்கு மற்றதும் பாதி விளங்கிவிடும். இலங்கை மலையகத்தில் தமிழ்மூலம் 12ஆம் தரத்துக்கு ஆறு பாடவேளைகளில் நான் செய்வதைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு நான்குதான் கிடைக்குமென்றால் எதை விடலாம் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

தொடங்கும் முன்

இரண்டு வேலைகள். முதலாவது, வகுப்பாசிரியரிடம் தனியாகக் கேளுங்கள்: வீட்டில் நோயாளி உள்ள பிள்ளை யாராவது இருக்கிறாரா? இருந்தால் முதல் நாளே அந்தப் பிள்ளையிடம், "இந்தக் கிழமை இந்தப் பாடம் வருது, இடையில எழும்பிப் போகணும்னா கேட்காமலே போகலாம்" என்று சொல்லிவிடுங்கள். நான் சொன்ன பிள்ளைகளில் பெரும்பாலானோர் போகவில்லை. போகலாம் என்று தெரிந்திருப்பதே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

இரண்டாவது, சொற்கள். நம் பாடநூலில் கலம், இழையம், நிறமூர்த்தம், பரம்பரையலகு. பிள்ளைகள் போனில் பார்க்கும் இந்திய வீடியோக்களில் செல், திசு, குரோமோசோம், மரபணு. தண்டுக்கலத்தை ஒரு வீடியோ குருத்தணு என்கிறது, இன்னொன்று ஸ்டெம் செல் என்கிறது. மூன்றும் மூன்று பொருள் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளையை நான் கண்டிருக்கிறேன். இரண்டு நிரல் போட்ட ஒரு பிரிஸ்டல் போர்டைச் சுவரில் ஒட்டிவிடுங்கள், போதும்.

ஒரு பழைய பால்மா டின்னையும் மேசையில் வையுங்கள். மூடியில் துளை போட்டது. பெயர் எழுதாமல் கேள்வி போடுவதற்கு. அதை எப்போது திறப்பது என்று கடைசியில் வருகிறேன்.

முதலாம் படி: பிரட்டு

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பிரட்டுக்களம் தெரியாமல் இருக்காது. காலையில் எல்லோரும் வந்து நிற்பார்கள். ஒரு கூட்டம் கொழுந்துக்கு, ஒரு கூட்டம் கவ்வாத்துக்கு, சிலர் ஸ்டோருக்கு என்று பிரித்து அனுப்புவார்கள். இதை வகுப்பில் நடிக்க விடுங்கள்.

இருபது பேருக்கும் ஒரே மாதிரி மடித்த தாள் ஒன்று கொடுங்கள். அதில் நான்கு பக்கம்: தோல், நரம்பு, தசை, குருதி. எல்லோரிடமும் நான்கு பக்கமும் உண்டு. நீங்கள் தோளில் தட்டி "தசை" என்றால், அந்தப் பிள்ளை தசைப் பக்கத்தை மட்டும் விரித்து, மற்றதைக் கிளிப் போட்டு மூடிக்கொண்டு மூலைக்குப் போக வேண்டும். வியத்தமடைதல் என்றால் இவ்வளவுதான். கலம் எதையும் தொலைக்கவில்லை. சில பக்கங்களை மூடி வைத்திருக்கிறது. நடுவில், இன்னும் வேலை சொல்லப்படாமல் நிற்கும் மூன்று நான்கு பேர்தான் தண்டுக்கலங்கள்.

இந்த இடத்தில் வரைவிலக்கணத்தை எழுதுங்கள். இரண்டு குணங்களும் இருக்க வேண்டும்: பிரிந்து தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கல், வேறு வகைக் கலமாக வியத்தமடையக்கூடிய பிள்ளைக்கலத்தையும் தரல். ஒன்று மட்டும் இருந்தால் அது தண்டுக்கலம் ஆகாது. பரீட்சையில் பாதிப் புள்ளி போவது இங்கேதான்.

"மூடின பக்கத்தைத் திரும்பத் திறக்க ஏலுமா சேர்?" என்று எவராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். 1962இல் ஜோன் கேர்டன் தவளைக்குஞ்சின் குடற்கலக் கருவை (நியூக்கிளியஸை), கரு நீக்கிய முட்டையில் வைத்துத் தவளையை வளர்த்துக் காட்டினார். பக்கங்கள் கிழிபடவில்லை என்பதற்கு அது சான்று. 2006இல் ஷின்யா யமனாக்கா, எலியின் முதிர்ந்த கலத்துக்குள் நான்கே நான்கு பரம்பரையலகுகளைச் செலுத்தி, அதைப் பழையபடி எதுவாகவும் மாறக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருடம் மனிதக் கலத்திலும் செய்தார். கொழுந்துக்குப் போனவரை மறுபடி பிரட்டுக்களத்துக்குக் கூட்டிவந்த மாதிரி. இருவருக்கும் 2012இல் நோபல் பரிசு.

தாவரங்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். 1958இல் ஸ்டூவார்ட் என்ற ஆய்வாளர் கரட் வேரின் கலங்களை வளர்ப்பூடகத்தில் வைத்து முழுச் செடியாக வளர்த்தார். நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிக்கும். ஒற்றை இலையும் கணுவும் உள்ள துண்டிலிருந்து தேயிலைக் கன்று வருவதை அவர்கள் நாற்றுமேடையில் பார்த்தே இருக்கிறார்கள். தண்டிலிருந்து வேர் எப்படி முளைத்தது என்றுதான் இதுவரை கேட்டதில்லை.

இரண்டாம் படி: வெங்காய வேர்

இதை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். இரண்டு பாடவேளை போகும், போகட்டும்.

சின்ன வெங்காயம் எடுங்கள். அடியில் காய்ந்திருக்கும் பழைய வேர்களைச் சுரண்டிவிட்டு, ஈர்க்குச்சி குத்தி, அடி மட்டும் தண்ணீரில் படும்படி தேநீர்க் கிளாஸில் நிறுத்துங்கள். கொழும்பில் இரண்டு மூன்று நாளில் வேர் வரும் என்பார்கள். நமக்கு ஜனவரிக் குளிரில் ஐந்து நாளும் போகும். ஒரு வருடம் ஆய்வுகூட யன்னலோரம் வைத்த பத்து வெங்காயத்தில் ஒன்றில்கூட உருப்படியான வேர் இல்லை. லயத்து வீட்டில் அடுப்படித் திண்ணையில் வைத்துக் கொண்டுவந்த ஒரு பையனின் கிளாஸில்தான் விரல் நீளத்துக்கு வெள்ளை வேர் தொங்கியது. வெப்பநிலை குறைந்தால் கலவட்டம் (ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவு வரையான சுற்று) மந்தமாகும் என்ற பாடம் அன்றைக்கு இலவசமாகக் கிடைத்தது. அதிலிருந்து வெங்காயத்தை வீட்டுக்கே கொடுத்து அனுப்புகிறேன்.

வேரின் நுனியிலிருந்து 2 மில்லிமீற்றர் மட்டும் வெட்டுங்கள். இன்னொரு துண்டை நுனிக்கு 1 சென்ரிமீற்றர் மேலிருந்து எடுங்கள். இரண்டையும் தனித்தனியாக, 60 பாகை செல்சியஸில் 1 மூலர் ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஐந்து நிமிடம் வையுங்கள். கலங்களை ஒட்டி வைத்திருக்கும் பசை இளகும். அமிலத்தை நீங்களே கையாளுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. தண்ணீரில் நன்றாகக் கழுவி, வழுக்கியில் (ஸ்லைட்டில்) வைத்து, அசெற்றோகார்மைன் சாயம் ஒரு துளி விட்டுச் சில நிமிடம் பொறுங்கள். மூடித்துண்டை வைத்து, மேலே வடிதாளை மடித்துப் பெருவிரலால் நேராக அழுத்துங்கள். பக்கவாட்டில் நழுவினால் எல்லாம் உருண்டுவிடும். பிள்ளைகள் முதல் தடவை நிச்சயம் நழுவ விடுவார்கள், மேலதிக வேர் இருக்கட்டும்.

நுணுக்குக்காட்டியில் பார்த்தால், நுனித் துண்டில் சதுரம் சதுரமான சின்னக் கலங்கள், பெரிய கரு, இடையிடையே நூல் போன்ற நிறமூர்த்தங்கள் தெரியும். வெங்காயத்தில் 16. மேல் துண்டில் நீண்ட கலங்கள் மட்டும். பிரிவு எதுவும் தென்படாது. ஒரே வேர், ஒரு சென்ரிமீற்றர் தூரம். பிரிய அனுமதி உள்ள இடமும் இல்லாத இடமும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. இதை நீங்கள் சொல்ல வேண்டாம், பிள்ளைகளே சொல்லட்டும்.

அப்புறம் எண்ணச் சொல்லுங்கள். நுனித் துண்டில் 200 கலம் எண்ணி, பிரிவின் நான்கு கட்டங்களான முன்னவத்தை, அனுவவத்தை, மேன்முகவவத்தை, ஈற்றவத்தையில் உள்ளவற்றைக் குறிக்க வேண்டும். ஒரு குழு 18 என்று சொன்னது; அதாவது 100க்கு 9. ஒரு கலவட்டம் சுமார் 20 மணித்தியாலம் என்று எடுத்தால், இந்த நான்கு கட்டங்களும் சேர்ந்த இழையுருப்பிரிவுக்குப் போகும் நேரம் 1.8 மணித்தியாலம். மீதி நேரம் முழுக்க இடையவத்தை. அந்த நேரத்தில்தான் டீ.என்.ஏ. இரட்டிக்கிறது, சோதிக்கப்படுகிறது, திருத்தப்படுகிறது. புற்றுநோயின் கதை பெரும்பாலும் இந்த அமைதியான நேரத்தில் நடப்பது என்று கரும்பலகையில் ஒரு மூலையில் எழுதி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "வேகமாகப் பிரிவதுதான் தண்டுக்கலம்" என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். உண்மையில் வேர்நுனியின் தண்டுக்கலங்கள் மெதுவாகப் பிரிபவை. அவற்றின் பிள்ளைக்கலங்கள்தான் அடுக்கடுக்காகப் பிரிகின்றன. கவ்வாத்து வெட்டிய மலையைக் காட்டுங்கள். வெறும் கட்டையாக நிற்கும் செடியில் சில கிழமைகளில் துளிர் வருவது அதுவரை உறங்கிக் கிடந்த மொட்டிலிருந்து. மனித என்பு மச்சையிலும் பெரும்பாலான தண்டுக்கலங்கள் அப்படி உறங்குகின்றன. அவற்றின் வழிவந்த கலங்கள் ஒவ்வொரு செக்கனும் 20 இலட்சத்துக்கு மேல் செங்குழியங்களைத் தருகின்றன, ஏனென்றால் ஒரு செங்குழியத்தின் ஆயுள் 120 நாள்தான். இந்தத் தொழிற்சாலை பழுதாகிப்போன நோய்களுக்குத்தான் என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை. லுக்கீமியாவுக்கும் கடுமையான தலசீமியாவுக்கும் அது நிறுவப்பட்ட வைத்தியம்.

மூன்றாம் படி: இறக்கத்தில் ஒரு லொறி

ரம்பொடை வளைவுகளில் இறங்கும் லொறியை நினைக்கச் சொல்லுங்கள். விபத்துக்கு இரண்டு வழி: அக்சிலேட்டர் அமுங்கியபடியே சிக்கிக்கொள்வது, பிரேக் போய்விடுவது. பிரிவைத் தூண்டும் பரம்பரையலகில் விகாரம் (டீ.என்.ஏ.யில் ஒரு மாற்றம்) வந்தால் முதலாவது. அப்படி மாறியதை ஒன்கோஜீன் என்கிறோம். இரண்டு பிரதிகளில் ஒன்று சிக்கினாலே போதும். பிரிவை அடக்கும் பரம்பரையலகு கெட்டால் இரண்டாவது. இங்கே கால் பிரேக்கும் கை பிரேக்கும் போல இரண்டு பிரதி. பொதுவாக இரண்டும் போனால்தான் ஆபத்து. 1971இல் அல்பிரட் நட்சன் குழந்தைகளின் விழித்திரைப் புற்றை ஆராய்ந்து சொன்னது இதைத்தான். ஒரு பிரதி பிறவியிலேயே கெட்டிருந்தால் இன்னும் ஒரு அடி போதும்.

பிரேக்குகளில் பெரியது பி53. டீ.என்.ஏ.யில் சேதம் கண்டால் கலவட்டத்தை நிறுத்தும். திருத்த முடியாவிட்டால் கலத்தைத் தானாக மடியச் செய்யும். மனிதப் புற்றுக்களில் ஏறக்குறைய பாதியில் இந்தப் பரம்பரையலகு கெட்டிருக்கிறது. வகுப்பு தூங்கினால் யானையை அழையுங்கள். அவ்வளவு பெரிய உடம்பில், அவ்வளவு கலங்கள், ஏன் யானைக்குப் புற்றுநோய் அபூர்வம்? ஆபிரிக்க யானையில் இந்தப் பரம்பரையலகின் பிரதிகள் 20 வரை இருப்பதாக 2015இல் வெளியிட்டார்கள். முழு விடையும் அதுதானா என்பது வேறு விஷயம், ஆனால் கடைசி வாங்கும் நிமிர்ந்து உட்காரும்.

"களை" உவமை வேண்டாம். நம் எல்லோருக்கும் நாக்கில் வருவது அதுதான், தெரியும். களை வெளியிலிருந்து வருகிறது. புற்றுக்கலம் நம்முடைய சொந்தக் கலம். களை என்று சொன்னால் "தொற்றுமா?" என்ற பயம் தானாக ஒட்டிக்கொள்கிறது. நோயாளிக்குத் தனிக் கோப்பை, தனித் தட்டு வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

தீங்கற்ற கட்டிக்கும் புற்றுக்கும் உள்ள வேறுபாடு, குருதி வழியாக வேறிடத்தில் பரவல், குருதிக்கலன்களைத் தன் பக்கம் வளரச் செய்தல், இவற்றைப் பாடநூலிலிருந்தே விரைவாக முடித்துவிடலாம். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாவரத்திலும் பக்ரீறியாவால் கழலை வரும், ஆனால் கலச்சுவர் கலங்களை இருந்த இடத்திலேயே கட்டிவைப்பதால் அது உடம்பெங்கும் பரவுவதில்லை.

நான்காம் படி: தாயக்கட்டை

"ஏன் சேர் வயசானவங்களுக்குத்தான் கூட வருது?" இதற்குப் பேச்சைவிட ஆட்டம் நல்லது. லூடோத் தாயக்கட்டை ஆளுக்கொன்று வேண்டும். பத்து இருந்தால் கைமாற்றியும் ஆடலாம்.

ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கலம். ஒரு உருட்டு, ஒரு பிரிவு. 6 விழுந்தால் ஒரு விகாரம். மூன்று விகாரம் சேர்ந்தால் அந்தக் கலம் புற்றுக்கலம். எழுந்து நிற்க வேண்டும். 30 பேர் என்றால் ஐந்தாம் சுற்று முடிவில் சராசரியாக ஒருவர் நிற்பார். பத்தாம் சுற்றில் 7 பேர் அளவில். இருபதாம் சுற்றில் 20 பேர். சுற்று எண்ணுக்கு எதிரே நிற்பவர் தொகையை வரைபாக வரையச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் தரையோடு ஊர்ந்து, அப்புறம் மேலேறும் வளைகோடு வரும். வயதோடு நோய் கூடுவதற்கான காரணம் அந்தக் கோட்டில் இருக்கிறது.

இப்போது பத்துப் பேரைத் தனியே எடுங்கள். இவர்களுக்கு 5 விழுந்தாலும் விகாரம். இது வெற்றிலை, பாக்கு, புகையிலை. பத்தாம் சுற்றில் இந்தப் பத்துப் பேரில் 7 பேர் நிற்பார்கள். முதல் ஆட்டத்தில் 30 பேரில் நின்றதும் 7. அந்த நேரத்தில் வகுப்பு அமைதியாகும். அந்த அமைதியை உடைக்காதீர்கள், கொஞ்சம் விடுங்கள்.

அப்புறம் மூன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆட்டத்தின் எண்கள் பெருப்பிக்கப்பட்டவை. யாருடைய வீட்டுக்கும் இது சாத்திரம் இல்லை. மெல்லாதவர்களும் சிலர் எழுந்து நின்றார்கள். ஆகவே நோய் வந்தவரைப் பார்த்து "என்ன பாவம் செய்தாரோ" என்று கேட்க இடமில்லை. மெல்பவர்களிலும் மூன்று பேர் உட்கார்ந்தே இருந்தார்கள். "எங்க அப்பாயி எண்பது வயசு வரைக்கும் மென்னாங்க" என்ற வாதத்துக்குப் பதில் அந்த மூன்று பேர்தான்.

பாக்கு மட்டும் தீங்கில்லை என்று நம்புபவர்கள் ஏராளம். புகையிலை சேர்க்காத பாக்கையே மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று முதலாம் குழுவில் சேர்த்திருக்கிறது சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம். கொழுந்து மலையில் பசியையும் குளிரையும் அலுப்பையும் மறக்க மெல்லுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் இதை மட்டும் சொன்னால், பிள்ளை தன் தாயைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நினைக்கும். இரண்டையும் சொல்லுங்கள்.

தோட்டத்தில் அடிக்கும் களைக்கொல்லியைப் பற்றியும் கேள்வி வரும். கிளைபோசேற்றை 2015இல் அதே முகவரகம் 2ஏ குழுவில், "அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது" என்று வைத்தது. வேறு ஒழுங்குபடுத்தும் அமைப்புகள் அதை ஏற்கவில்லை. இலங்கை அதே வருடம் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தியது. இந்தக் குழுக்கள் சான்று எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்பவை. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதைச் சொல்பவை அல்ல. இந்த வேறுபாட்டை உயர்தரப் பிள்ளைக்கு விளங்க வைத்தால் அது பெரிய வேலை.

ஐந்தாம் படி: ஒரு பெண்ணின் கலங்களிலிருந்து நம் வகுப்புப் பிள்ளைகளின் கை வரை

நேரமில்லாவிட்டால் இதை வாசிக்கக் கொடுக்கலாம். ஆனால் நான் கதையாகச் சொல்வேன்.

1951. அமெரிக்காவில் ஹென்றியேற்றா லக்ஸ் என்ற கறுப்பினத் தாய், ஐந்து பிள்ளைகள், கருப்பைக் கழுத்துப் புற்று. அவரிடம் கேட்காமலே எடுத்த கலங்கள் ஆய்வுகூடத்தில் பிரிந்துகொண்டே இருந்தன. அவர் அந்த வருடமே, 31 வயதில் இறந்துவிட்டார். ஹீலா என்ற பெயரில் அந்தக் கலங்கள் இன்றும் உலகெங்கும் வளர்கின்றன. சாதாரண மனிதக் கலம் வளர்ப்பில் 40 முதல் 60 தடவை பிரிந்து நின்றுவிடும். நிறமூர்த்த நுனி ஒவ்வொரு பிரிவிலும் தேய்வது அதற்கு முக்கிய காரணம். ஹீலா அந்த நுனியைப் புதுப்பிக்கும் தெலோமரேஸ் நொதியை ஓயாமல் செய்துகொள்கிறது. இதே நொதி தண்டுக்கலங்களிலும் வேலை செய்கிறது. அனுமதியோடு நடப்பதும் அனுமதியில்லாமல் நடப்பதும் ஒரே கருவியால்தான்.

அந்தக் கலங்களுக்குள் எச்.பி.வி. 18 என்ற வைரசின் டீ.என்.ஏ. இருந்தது. அதன் ஈ6 புரதம் பி53ஐ அழிக்கிறது. ஈ7 இன்னொரு பிரேக்கை முடக்குகிறது. மூன்றாம் படியில் சொன்ன லொறியின் பிரேக்கை வெளியிலிருந்து ஒருவர் வந்து கழற்றுவது போல. புற்றுநோய் தொற்றாது, ஆனால் சில புற்றுக்களுக்குக் காரணமான வைரஸ் தொற்றும் என்ற நுணுக்கத்தை இங்கே வைத்தால்தான் குழப்பம் வராது. எச்.பி.வி.க்கும் இந்தப் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் கண்ட ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு. இலங்கையில் 2017 முதல் 6ஆம் தரப் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். "சின்ன வயசில ஸ்கூல்ல ஊசி போட்டாங்களே, அது இதுக்கா?" என்று பெண்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஆமாம், அதுதான்.

ஆறாம் படி: சோதித்துப் பார்க்கும் கேள்வி

வரைவிலக்கணம் கேட்காதீர்கள், மனப்பாடம் வந்துவிடும். நான் கொடுக்கும் கேள்வி இது: "அ என்ற கலம் 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பிரிகிறது. ஆ என்ற கலம் 60 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. எது புற்றுக்கலம்?" முதல் வருடம் ஏறக்குறைய எல்லோரும் அ என்று எழுதினார்கள். தரவு போதாது என்பதுதான் விடை. குடலின் உட்பக்கக் கலங்கள் பல புற்றுக்களைவிட வேகமாகப் பிரிகின்றன. நிறுத்தச் சொன்னால் நிற்கின்றன. அடுத்த கேள்வி: புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும்போது தலைமயிர் கொட்டுவது ஏன், வாய் புண்ணாவது ஏன், குருதிக்கலங்கள் குறைவது ஏன்? பிரியும் கலங்களைத் தாக்கும் மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது என்று பிள்ளை எழுதினால், பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

பால்மா டின்

கடைசிப் பாடவேளையில் பாதியை இதற்கு வையுங்கள். முதல் நாளே தனியாகத் திறந்து வாசித்துவிட்டுப் போங்கள். வகுப்பில் உரக்க வாசிக்கக் கூடாத துண்டு ஒன்றாவது இருக்கும்.

வழக்கமாக வருபவை: "கத்தி பட்டால் பரவுமா?" பரிசோதனைக்குத் துண்டு எடுப்பதால் பரவுவது மிக மிக அபூர்வம்; அந்தப் பயத்தில் தாமதிப்பதால்தான் பரவியபின் வருகிறார்கள். "செய்வினையால் வருமா?" பிரியும் கலத்தின் டீ.என்.ஏ.யில் வரும் மாற்றத்தால் வருகிறது. கோயிலுக்குப் போவதைத் தடுக்க வேண்டாம், கிளினிக்குக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். "ஸ்டெம் செல் ஊசி போட்டால் எல்லா நோயும் மாறும் என்று பேஸ்புக்கில் வருகிறதே?" எந்தக் கலம், எந்த நோய்க்கு, எத்தனை நோயாளிகளில் சோதித்தார்கள் என்று மூன்றைக் கேட்கச் சொல்லுங்கள். விளம்பரத்தில் மூன்றுக்கும் விடை இருக்காது.

ஒருமுறை, சின்ன எழுத்தில், பெயரில்லாமல் ஒரு துண்டு: "அம்மா வாய்க்குள்ள வெள்ளையா படை மாதிரி இருக்கு. நோகல்லயாம். அதனால போக மாட்டேங்குறாங்க." இது உயிரியல் கேள்வி இல்லை. யார் எழுதியது என்று தேடவும் கூடாது. அன்றைக்கு எல்லோருக்குமாகக் கரும்பலகையில் எழுதினேன்: சுரண்டினால் போகாத வெள்ளை அல்லது சிவப்புப் படலம், இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், வாய் திறக்க வரவரக் கஷ்டம். நோவு இல்லாவிட்டாலும் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். படலம் எல்லாம் புற்று இல்லை. புற்றாக மாறும் முன்பே பிடிக்கக்கூடியவை பல. கீழே, பக்கத்து ஆஸ்பத்திரியில் பல் கிளினிக் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு நம்பர் கொடுப்பார்கள் என்பதையும் எழுதினேன். மணி அடித்ததும் அழிக்காமல் வந்துவிட்டேன். அடுத்த பாடத்துக்கு வந்த கணக்கு டீச்சரும் அழிக்கவில்லை, பக்கத்துப் பலகையில் படிப்பித்துவிட்டுப் போனார்.